எரர் மெசேஜ் தராத கார்

கம்ப்யூட்டர் முடங்கினால் திரையில் ஒரு குறியீட்டையாவது காட்டிவிட்டுத்தான் முடங்கும். இன்றைய கார்களும் அப்படித்தான். டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால், எந்தப் பகுதியில் பிரச்னை என்று ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு முன் தயாரான ஒரு காரில் கம்ப்யூட்டரும் கிடையாது, சென்சாரும் கிடையாது. நடுரோட்டில் நின்றால் நின்றதுதான். ஏன் நின்றது என்று அது சொல்லாது.

அப்படி ஒரு கார் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதைப் படுத்தி எடுத்த ஒரு கோளாறை, வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த ஒரு சாதாரண ஸ்ப்ரெட்ஷீட் மூலம் எப்படிப் பிடித்தேன் என்பதை இங்கே விளக்குகிறேன். கார் இல்லாதவர்களும் படிக்கலாம். தண்ணீர் மோட்டார், இன்வெர்ட்டர், பழைய டிவி என எரர் மெசேஜ் தராத எல்லாச் சாதனங்களுக்கும் வழி இதுதான்.

எந்தக் கார் இது?

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்தியப் பதிப்பு. நான்கு சிலிண்டர், 948 சிசி இன்ஜின். எடை சுமார் 800 கிலோதான். 1970களில் இதன் இடத்தில் ஸ்டாண்டர்டு கெஸல் வந்தது.

இதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, அதன் மேல் இரண்டு பேர் மட்டும் அமரும் உடலைப் பொருத்தி 1962-ல் இங்கிலாந்தில் வெளியிட்டதுதான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். அது 1980 வரை தயாரிக்கப்பட்டது. இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியைச் சேர்ந்த ஜியோவானி மிக்கெலாட்டி. எனவே நம் ஊர் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயரின் கூடப்பிறந்த அண்ணன் என்றே சொல்லலாம். முன் பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, முன்னோக்கித் திறக்கும். உள்ளே எதையும் தொட்டுப் பார்க்கலாம். கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிய கம்ப்யூட்டர் போல எல்லாம் கண்ணெதிரே இருக்கும்.

எங்களுடையது 1967-ம் வருட இரண்டு கதவு மாடல். அப்பா 1979-ல் பழைய வண்டியாக வாங்கினார். நான் தர்மபுரியில் பல வருடம் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்தவன். ஸ்பானர் பிடிக்கவும் கொஞ்சம் தெரியும்.

தொப்பூரில் நடந்தது

சேலத்திலிருந்து தர்மபுரி வருபவர்களுக்குத் தொப்பூர் கணவாய் ஏற்றம் தெரிந்திருக்கும். கனரக லாரிகள் ஓயாமல் போகும் தேசிய நெடுஞ்சாலை. ஒரு மார்ச் மாத மதியம், அப்பாவும் அம்மாவும் காரில் இருக்க, அந்த ஏற்றத்தில் இன்ஜின் இரண்டு முறை இழுத்துவிட்டு நின்றுபோனது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே விலகிப் போனது. கையால் தள்ளி ஓரங்கட்டினோம். இருபத்தைந்து நிமிடம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது.

அன்று இரவு அப்பா சொன்னார்: "போதும்ப்பா. காயலான் கடைக்குக் கொடுத்துடு. உங்க அம்மாவை வெச்சுக்கிட்டு இனி இந்த வண்டியில ஏற மாட்டேன்." நாற்பது வருடத்துக்கு மேல் அவரே துடைத்து வைத்திருந்த வண்டி. அவர் வாயால் அதைக் கேட்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் தவறு இல்லை. நம்ப முடியாத வண்டியை மலைப்பாதையில் ஓட்டக் கூடாது. மூன்று மாதம் டைம் கேட்டேன்.

முதலில் நான் செய்த தவறு

எங்கள் மெக்கானிக் அண்ணன் கேட்டவுடன் சொன்னார்: "தம்பி, பெட்ரோல் குழாய்ல ஆவி அடைக்குது." இதை வேப்பர் லாக் என்பார்கள். சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிட, பம்ப்பால் அதை இழுக்க முடியாது. அவர் நினைத்ததற்குக் காரணமும் இருந்தது. பெட்ரோலில் எத்தனால் கலப்பது படிப்படியாக உயர்ந்து, 2025-ல் நாடு முழுவதும் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் கலந்த பெட்ரோலில் இந்தத் தொல்லை கூடலாம். பழைய ரப்பர் ஹோஸ்களும் சீக்கிரம் கெடும்.

எனவே ஹோஸ் மாற்றினேன். பெட்ரோல் பம்ப்புக்கு ரிப்பேர் கிட் போட்டேன். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். ரேடியேட்டரையும் கழுவினோம். ஏறக்குறைய 9,000 ரூபாய் செலவு. கார் மறுபடியும் நின்றது.

அப்போதுதான் உறைத்தது. கடைக்கு வரும் கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆனால் நான் என்ன செய்வேன்? ரேம், எஸ்எம்பிஎஸ், ஹார்ட் டிஸ்க் மூன்றையும் ஒரே நாளில் மாற்றுவேனா? மாட்டேன். எப்போது ஹேங் ஆகிறது, எத்தனை நிமிடத்தில், எந்த புரோகிராம் ஓடும்போது என்று கேட்பேன். விண்டோஸில் ஈவன்ட் வியூவரைத் திறந்து பார்ப்பேன். காருக்கு ஈவன்ட் வியூவர் இல்லை. எனவே அதை நாமே எழுத வேண்டும்.

ஸ்ப்ரெட்ஷீட் தயாரிக்கும் முறை

எக்ஸெல் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். புதிய ஷீட்டைத் திறந்து, முதல் வரிசையில் கீழ்க்காணும் தலைப்புகளை அமைத்திடவும்:

1. தேதி
2. கிலோமீட்டர் ரீடிங்
3. இன்ஜின் ஸ்டார்ட் செய்த நேரம்
4. நின்ற நேரம்
5. மீண்டும் ஸ்டார்ட் ஆக எடுத்த நிமிடங்கள்
6. வெளி வெப்பநிலை
7. சாலை: ஏற்றமா, சமதளமா
8. நின்றவுடன் ஸ்பார்க் இருந்ததா
9. நின்றவுடன் பெட்ரோல் வந்ததா
10. குறிப்பு

நான்காவது காலத்திலிருந்து மூன்றாவதைக் கழிக்க ஒரு ஃபார்முலா கொடுத்தால், எத்தனை நிமிடம் ஓடிய பின் நின்றது என்பது தானாகவே வந்துவிடும். தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் டைப் செய்வது நல்லது.

முக்கியமான விஷயம்: கார் நிற்காத நாட்களையும் எழுத வேண்டும். நின்ற நாட்களை மட்டும் எழுதினால், நல்ல நாளுக்கும் கெட்ட நாளுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாது.

நின்றவுடன் செய்யும் இரண்டு சோதனைகள்

பெட்ரோல் இன்ஜின் நிற்க இரண்டு பெரிய காரணங்கள்தான்: பெட்ரோல் வரவில்லை, அல்லது ஸ்பார்க் வரவில்லை. இதைச் சூடு ஆறுவதற்குள் பார்த்தாக வேண்டும். ஆறிய பிறகு எல்லாம் சரியாகவே இருக்கும்.

முதலில் வண்டியை ரோட்டை விட்டு முழுதாக ஓரங்கட்டி, பின்னால் எச்சரிக்கை முக்கோணத்தை வையுங்கள். மலைப்பாதையில் காருக்கு அடியிலோ பின்னாலோ நின்று வேலை செய்யாதீர்கள்.

ஸ்பார்க்: ஒரு உபரி ஸ்பார்க் பிளக்கைக் காரிலேயே வைத்திருங்கள். ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதில் இந்த பிளக்கை மாட்டி, அதன் உலோகப் பகுதி இன்ஜினில் நன்றாகத் தொடும்படி வைத்திடவும். வெறும் கையால் பிடிக்க வேண்டாம், ஷாக் பலமாக அடிக்கும். கார்புரேட்டரிலிருந்து தள்ளியே வையுங்கள். இன்னொருவர் ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது நீல நிறத்தில் பளிச்சென்று பொறி வர வேண்டும்.

பெட்ரோல்: எங்கள் காரின் பம்ப்பில் கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. அதில் பெட்ரோல் நிறைந்திருக்கிறதா, குமிழ் வருகிறதா என்று பார்த்தாலே போதும். சூடான இன்ஜின் மேல் குழாயைக் கழற்றிப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

சார்ட் செய்ததும் தெரிந்தது

பதினோரு வாரத்தில் கார் ஒன்பது முறை நின்றது. தொப்பூர்ப் பக்கம் போகவில்லை. பாலக்கோடு, காரிமங்கலம், நல்லம்பள்ளி என்று சமதளத்திலேயே ஓட்டினேன். முதல் ஐந்து முறை ஸ்பார்க், பெட்ரோல் காலங்கள் காலியாகவே இருந்தன. அந்த எண்ணமே எனக்குப் பிறகுதான் வந்தது. கடைசி நான்கு முறையும் பெட்ரோல் இருந்தது, ஸ்பார்க் இல்லை.

பின்னர் டேட்டா மெனுவில் சார்ட் கொடுத்து வெப்பநிலைப்படி அடுக்கிப் பார்த்தேன். வேப்பர் லாக் என்றால் எல்லாம் மதிய வெயிலில் குவிந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. ஒன்பதில் நான்கு மதியம், மூன்று காலை, இரண்டு இரவு ஒன்பது மணிக்குப் பிறகு.

அடுத்து, ஓடிய நிமிடங்களின்படி சார்ட் செய்தேன். எட்டு முறை 38 நிமிடத்துக்கும் 50 நிமிடத்துக்கும் இடையில் நின்றிருந்தது. வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரே ஒரு முறை மட்டும் 15 நிமிடத்திலேயே நின்றிருந்தது.

அந்த ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. குறிப்புக் காலத்தைப் பார்த்தேன். "அதியமான்கோட்டை கோயில். அம்மா உள்ளே. 20 நிமிடம் காத்திருப்பு. ரேடியோ" என்று எழுதியிருந்தேன். அப்பா காரில் ஏற மாட்டேன் என்று சொன்ன பிறகும், அம்மா மட்டும் கோயிலுக்கு என்னுடன் வந்த நாள் அது. எங்கள் காரில் ரேடியோ வயர் இக்னிஷன் சுவிட்சோடு சேர்ந்தது. ரேடியோ கேட்க வேண்டுமென்றால் சாவி ஆனில் இருக்க வேண்டும். அதாவது இன்ஜின் ஓடாமலே இக்னிஷன் 20 நிமிடம் ஆனில் இருந்திருக்கிறது.

இன்ஜின் ஓடாதபோது சூடாகக் கூடிய இக்னிஷன் பாகம் எது? காயில்தான்.

காயில் எப்படி வேலை செய்கிறது?

பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துவது காயிலின் வேலை. உள்ளே இரண்டு சுருள்கள். தடித்த கம்பியில் பிரைமரி, மெல்லிய கம்பியில் ஏராளமான சுற்றுகளுடன் செகண்டரி. டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயிண்ட் மூடும்போது பிரைமரியில் மின்சாரம் பாயும். திறக்கும்போது அது சட்டென்று அறுபடும். அந்த நொடியில் செகண்டரியில் உயர் வோல்டேஜ் எழுந்து, பிளக்கில் பொறியாக வரும்.

சாவி ஆனில் இருக்கும்போது இன்ஜின் ஓடாமல், பாயிண்ட் மூடிய நிலையில் இருந்துவிட்டால், பிரைமரியில் மின்சாரம் இடைவிடாமல் பாயும். ஓடும் இன்ஜினில் விட்டுவிட்டுப் பாய்வதைவிட இதில் காயில் வேகமாகச் சூடேறும். 15 நிமிடத்தில் நின்றதன் ரகசியம் இதுதான்.

ஆனால் காயில்தான் என்று உடனே முடிவு கட்டவில்லை. கண்டென்சர் கெட்டாலும் இதே போல நிற்கும். விலை குறைவு என்பதால் முதலில் அதை மட்டும் மாற்றி ஓட்டினேன். 41-வது நிமிடத்தில் நின்றது. ஒன்பதில் கடைசி முறை அதுதான். ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும் மாற்றியதால், கண்டென்சர் காரணமில்லை என்று அடித்துச் சொல்ல முடிந்தது.

மல்டிமீட்டர் சொன்ன பதில்

கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வைத்திருந்த அதே டிஜிட்டல் மல்டிமீட்டரை எடுத்தேன். சாவியை ஆஃப் செய்து, காயிலின் வயர்களைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். சிறிய ஓம் அளவுகளுக்கு ஒரு டிப்ஸ்: முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்து என்ன காட்டுகிறது என்று பாருங்கள். என்னுடையது 0.3 காட்டியது. அது மீட்டர் வயரின் அளவு. அதைக் கழித்தால்தான் சரியான அளவு கிடைக்கும்.

ஆறிய காயிலில் பிரைமரி 1.5 ஓம். செகண்டரி சில ஆயிரம் ஓம். முதலில் "இரண்டு சுருளும் அறுபடவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது" என்று நினைத்தேன். அடுத்து, ஷெட்டின் கதவுகளை முழுவதும் திறந்து வைத்து, இன்ஜினை அது நிற்கும் வரை ஓட விட்டேன். மூடிய ஷெட்டில் இப்படிச் செய்யக் கூடாது, புகை உயிருக்கே ஆபத்து. நின்றவுடன் அளந்தேன். செகண்டரியில் மீட்டர் எதுவும் காட்டவில்லை. சூட்டில் உள்ளே எங்கோ கம்பி விலகுகிறது. இருபது நிமிடம் கழித்து அளந்தால் மறுபடியும் ஒட்டிக்கொண்டது!

சூட்டில் வரும் கோளாறைச் சூட்டில்தான் அளக்க வேண்டும். ஆறிய பின் எத்தனை முறை அளந்தாலும் நல்ல பதில்தான் வரும்.

ஆனால் காயில் ஏன் கெட்டது?

இதைக் கேட்காமல் இன்னொரு காயில் வாங்கி மாட்டியிருந்தால், சில மாதத்தில் அதுவும் போயிருக்கும். விடை அந்த 1.5 ஓமில் இருந்தது.

12 வோல்ட் காயில்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று நேரடியாக 12 வோல்ட்டில் இயங்குவது. இதன் பிரைமரி சுமார் 3 ஓம் இருக்கும். இன்னொன்று பேலஸ்ட் ரெசிஸ்டர் என்ற தனித் தடையோடு சேர்த்து இணைக்க வேண்டியது. இதன் பிரைமரி சுமார் 1.5 ஓம்தான். எங்கள் காரில் பேலஸ்ட் ரெசிஸ்டர் கிடையாது.

கணக்கு எளிது. 12 வோல்ட்டை 3 ஓமால் வகுத்தால் 4 ஆம்பியர். அதாவது 48 வாட். அதே 12 வோல்ட்டை 1.5 ஓமால் வகுத்தால் 8 ஆம்பியர், 96 வாட். கிட்டத்தட்ட ஒரு 100 வாட் குண்டு பல்பு எரியும் அளவு மின்சாரத்தை அந்தச் சிறிய டப்பா தாங்கிக்கொண்டிருந்தது. பாயிண்ட்டுகள் அடிக்கடி கருகியதற்கும் இதுதான் காரணம். அதையும் நான் குறிப்புக் காலத்தில் இரண்டு முறை எழுதியிருந்தேன். எழுதினேனே தவிர யோசிக்கவில்லை.

அந்தக் காயிலை வாங்கியது யார்? நான்தான். இரண்டு வருடத்துக்கு முன் "12 வோல்ட் காயில் கொடுங்க" என்று கேட்டு, உருவம் ஒன்றாக இருக்கிறதே என்று வாங்கி மாட்டினேன். பின் பொருந்துகிறது என்பதற்காக 12 வோல்ட் மோடத்தில் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரைச் செருகக் கூடாது என்று எத்தனையோ வாடிக்கையாளர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். சொந்தக் காரில் ஏறக்குறைய அதையே செய்திருக்கிறேன்.

இந்த முறை மீட்டரோடு கடைக்குப் போய், 3 ஓம் காட்டிய காயிலை வாங்கி வந்தேன். பழையதன் மேல் "1.5 ஓம், ஹெரால்டுக்கு ஆகாது" என்று மார்க்கரில் எழுதி வைத்துவிட்டேன்.

கம்ப்யூட்டரில் வைத்திருக்க வேண்டிய மற்ற ஃபைல்கள்

அளவுகள்: காருக்கென ஒரு ஃபோல்டர் உருவாக்கி, இரண்டாவது ஷீட்டில் அடிப்படை அளவுகளை டைப் செய்திடவும். எங்கள் காருக்கு: பாயிண்ட் இடைவெளி 0.015 இன்ச், பிளக் இடைவெளி 0.025 இன்ச், ஆறிய இன்ஜினில் வால்வ் இடைவெளி 0.010 இன்ச், ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. உங்கள் காரின் கையேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

போட்டோ: எதையும் கழற்றும் முன் மொபைலில் படம் எடுத்து, தேதியைப் பெயரின் முன்னால் போட்டு சேமித்திடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் வயர்களை மாற்றி மாட்டிவிட்டுத் தவிக்க வேண்டியிருக்காது.

எர்த்: பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று குறித்திடவும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். இது தெரியாமல் ரேடியோவையோ மொபைல் சார்ஜரையோ இணைத்தால் அவை எரிந்துபோகும்.

ட்ரன்னியன்: முன் சக்கரத்தின் கீழ்ப் பகுதியில், ஸ்டீயரிங் திரும்பும்போது மரையில் சுழலும் பாகம் இது. ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் உண்டு. பழக்கத்தில் கிரீஸ் அடித்துவிடுவோம். ஆனால் தயாரிப்பாளர் சொன்னது கியர் ஆயில். இபி 90 போதும். கிரீஸ் கெட்டியாகி, தண்ணீர் தங்கி, துருப்பிடித்தால் பாகம் முறிந்து சக்கரமே மடங்கிவிடும். இதற்கு மட்டும் காலண்டரில் ரிமைண்டர் வைத்திருக்கிறேன்.

பேக்கப்: இந்த ஃபோல்டரை ஒரு பென் டிரைவிலும் காப்பி செய்து வையுங்கள்.

மீண்டும் தொப்பூர்

புதிய காயிலுடன் முதலில் இரண்டு வாரம் ஊருக்குள்ளேயே ஓட்டினேன். ஒரு முறை ஒன்றரை மணி நேரம் விடாமல் ஓடியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, போக்குவரத்து குறைவான நேரத்தில், தனியாக சேலம் போய்த் திரும்பினேன். தொப்பூர் ஏற்றத்தில் நிற்கவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. இரண்டையும் ஷீட்டில் ஏற்றி, பிரிண்ட் எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். "இந்த பதினஞ்சு நிமிஷம் என்னப்பா?" என்று சரியாக அதே வரியில் விரலை வைத்தார். விளக்கினேன்.

மூன்றாவது முறை சேலம் போனபோது முன் சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். அம்மா பின்னால். தொப்பூர் ஏறும்போது யாரும் பேசவில்லை. மேலே வந்ததும் அப்பா, "எழுதிக்கோ" என்றார்.

உங்கள் வீட்டிலும் அடிக்கடி நின்று, பிறகு தானாகவே ஓடும் ஏதாவது ஒன்று இருக்கும். அதைக் கழற்றுவதற்கு முன், இன்றே ஒரு ஷீட்டைத் திறந்து முதல் வரியை எழுதுங்கள். பத்து வரி சேர்ந்த பிறகு ஸ்பானரை எடுக்கலாம்.